வீட்டில் தமிழ் மட்டும்

கெலமங்கலம், 3-10-1954

மாமனார் உரம் வாங்க ஓசூர் போனார். உரம் கிடைக்கவில்லை, ஒரு ஜெர்மன்காரி கிடைத்திருக்கிறாள். பெயர் ஹில்டா, நர்சு. ஆஸ்பத்திரி வேலையில் சேரும் முன் தமிழ் கற்க வேண்டுமாம். அதற்காக ஒரு தமிழ்க் குடும்பத்தில் பொங்கல் வரை தங்க வேண்டுமாம். "எங்க வீடு இருக்குதே!" என்று மாமனார் முந்திக்கொண்டார். அவளோடு வந்திருந்த ஆஸ்பத்திரி டாக்டரும் நம்பிவிட்டார், பாவம்.

தமிழ்க் குடும்பம்! மாடுகளோடும் கூலி ஆட்களோடும் கன்னடம், தங்களுக்குள் தெலுங்கு, தாசில்தார் வந்தால் தமிழ். தாசில்தார் வருடத்துக்கு ஒருமுறை வருவார். பிறந்ததிலிருந்து தமிழ் பேசுகிற ஆள் இந்த வீட்டில் மருமகளாகிய நான் ஒருத்திதான். என்னை யாரும் கேட்கவில்லை. எதற்குத்தான் கேட்டார்கள்?

4-10-1954

யோசித்தால் சிரிப்பு வருகிறது. நானும் மூன்று வருடமாக இந்த வீட்டில் பாஷை படிக்கத் தங்கியிருப்பவள்தானே? நாகரசம்பட்டியில் எங்கள் வீட்டுத் தெலுங்கு தாத்தாவோடு போய்விட்டது. ஜாதி ஒன்று என்று கல்யாணம் பேசினார்கள். பாஷையை யாரும் விசாரிக்கவில்லை. வந்த புதிதில் தெரிந்த தெலுங்கை வைத்து வாயைத் திறந்தேன். மாமியார் சிரித்தார். நாத்தனாரையும் கூப்பிட்டு, இன்னொருமுறை சொல்லச் சொல்லிச் சிரித்தார். அன்றோடு வாயை மூடிக்கொண்டேன். இப்போது எல்லாம் புரிகிறது, பேசத்தான் பிடிக்கவில்லை.

மாமியார் என்னிடம் சொல்ல வேண்டியதை நான் பக்கத்தில் நிற்கும்போதே என் கணவரிடம் சொல்வார். அவர் அதில் பாதியை விழுங்கிவிட்டு மீதியை எனக்குத் தமிழில் சொல்வார். திம்மராயன் என்று பெயர் வைத்ததற்குத் துபாஷி என்றே வைத்திருக்கலாம்.

பொங்கலுக்கு அண்ணன் வருவான். அவனோடு போய்விடப் போகிறேன். திரும்பி வருவதாக இல்லை. யாரிடமும் சொல்லவில்லை — இங்கே என்னோடு பேச்சு வைத்திருப்பது யார், சொல்வதற்கு?

11-10-1954

ஹில்டா வந்தாள். நிலைப்படியில் நெற்றியை இடித்துக்கொண்டு, "வணக்கம்" என்றாள். வீடே பூரித்துப்போனது. மாமனார் எல்லோரையும் கூடத்தில் நிறுத்தி, இன்று முதல் இந்த வீட்டில் தமிழ் மட்டும்தான், வேறு பாஷை காதில் விழக்கூடாது என்று உத்தரவு போட்டார். உத்தரவைத் தெலுங்கில் போட்டார்.

அதன்பிறகு வீட்டில் சத்தமே இல்லை. சாவு வீட்டில்கூட இதைவிடக் கலகலப்பாக இருக்கும்.

13-10-1954

மாமியாருக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் சந்தையில் சேர்த்தது. ஹில்டாவுக்குச் சோறு போட்டுவிட்டு, "நல்ல சரக்கு, தைரியமா எடுத்துக்க" என்கிறார். அவள் போதும் என்றால், "அதெல்லாம் கட்டாது" என்கிறார். ஹில்டா பயபக்தியோடு எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறாள். ஆஸ்பத்திரியில் நோயாளிகள் பாடு திண்டாட்டம்தான். மற்ற நேரமெல்லாம் அவளோடு பேசித் திருத்துவது நான்தான்.

19-10-1954

ஹில்டா களியை மென்றாள். மாமியார் தன் கையால் உருட்டி, சாற்றில் தோய்த்து, மெல்லாமல் விழுங்கிக் காட்டினார். அவளும் கண்ணில் நீர் வர ஒரு உருண்டையை விழுங்கினாள். "அட, நம்ம பொண்ணு!" என்றார் மாமியார்.

நம்ம பொண்ணாம். வந்து எட்டு நாள்தான் ஆகிறது. நானும்தான் இந்த வீட்டுக் களியை விழுங்குகிறேன், வேறு பலவற்றையும் சேர்த்து. எனக்கு அழுகை வந்தது. அடுப்புப் புகை என்று சொல்லிக்கொண்டேன்.

2-11-1954

இன்று கணவர் தோட்டத்துக்குப் போயிருந்தார். ஹில்டா பக்கத்தில் இருந்ததால் தெலுங்குக்கும் வழியில்லை. மாமியார் இரண்டுமுறை தொண்டையைச் செருமிவிட்டு, என்னைப் பார்த்து, "உப்பு போட்டியா?" என்றார்.

நேராக என்னிடம்! "போட்டேன் அத்தை" என்றேன். பேச்சு அதோடு முடிந்தது. மூன்று வருடத்துக்கு இது போதாதா, பேராசை கூடாது.

10-12-1954

அவரைக்காய் வந்து குவிந்திருக்கிறது. மூவரும் உட்கார்ந்து உரிக்கிறோம். எதிர்வீட்டு நாகம்மா தன் சம்பந்தி வீட்டுக்குப் போய், சாப்பாடு போடுவதற்குள் கோபித்துக்கொண்டு திரும்பி வந்த கதையை மாமியார் ஹில்டாவுக்குத் தமிழில் சொன்னார். நாகம்மா முந்தானையை உதறுகிற மாதிரியே உதறிக் காட்டினார். ஹில்டாவுக்குப் புரியவில்லை. நான்தான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மீதிக் கதையை என்னைப் பார்த்தே சொன்னார்.

நான் ஏன் சிரித்தேன்? போகப்போகிறவளுக்கு இதெல்லாம் என்னத்துக்கு?

9-1-1955

ஹில்டா போய்விட்டாள். மாமியாரைக் கட்டிக்கொண்டு அழுதாள், என்னையும்தான். வண்டி தெரு திரும்பியதும் மாமனார், இனி அவரவர் இஷ்டம் என்றார். அணை திறந்த மாதிரி தெலுங்கு. அடைத்து வைத்திருந்ததையெல்லாம் ஒரே நாளில் பேசித் தீர்த்தார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு ரசம் வேண்டுமா என்ற கேள்வி மறுபடியும் கணவர் வழியாகத்தான் எனக்கு வந்தது.

பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தேன்.

12-1-1955

இன்று என்னிடம் யாரும் பேசவில்லை. நல்லது. கிளம்புவது சுலபம்.

17-1-1955

தூங்குவதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

காலையில் சின்னராஜ் அண்ணன் வந்தான். நாலு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அவன் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைக்கும்போது, "நாலு நாளைக்கா இவ்ளோ கனம்?" என்றான். கூடப் பிறந்தவன் செய்கிற உதவி! மாமியார் வந்து பெட்டியைத் திறந்தார். என் புடவைகள் அத்தனையும் அதில் இருந்தன.

கணவரைப் பார்த்துத் தெலுங்கில் ஆரம்பித்தார். அவர் என் பக்கம் திரும்பி, "அம்மா என்ன சொல்றாங்கன்னா..." என்றார்.

"நீ தள்றா அந்தாண்ட," என்றார் மாமியார், தமிழில். "நான் அவகிட்ட பேசறன்."

அப்புறம் என்னைப் பிடித்துக்கொண்டார். "மூணு வருசமா வாய்ல என்னா வெச்சிருந்த? அந்த வெள்ளக்காரிகிட்ட நாள்பூரா பேசுன. எங்கிட்ட ஒரு பேச்சு பேசுனியா? படிச்சவ, திமிரு, நம்மள மதிக்கலன்னு நெனச்சன்."

"பேசினதுக்குத்தான் சிரிச்சீங்களே! ஆளக் கூப்பிட்டுக் காட்டிச் சிரிச்சீங்களே!"

"சிரிச்சா என்னா? நீயும் சிரிக்கறது. மூஞ்சியத் தூக்கினு போயி உக்காந்துக்குவியா?"

நான் கத்தினேன். உப்பு, ரசம், நம்ம பொண்ணு, எல்லாவற்றையும் சொல்லிக் கத்தினேன். அழுதுகொண்டே கத்தினேன். அவரும் விடவில்லை. நாகம்மா வாசலுக்கு வந்து நின்றாள். மாமனார் மாடுகளைப் பார்க்கப் போய்விட்டார். அண்ணன் வண்டியடியில் கொஞ்சநேரம் நின்றான். பிறகு, பெட்டியை இறக்கித் தாழ்வாரத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்தான். சாப்பிட்டுவிட்டுத் தனியாகவே ஊருக்குக் கிளம்பினான். நாங்கள் கவனிக்கக்கூட இல்லை.

ஓரிடத்தில் மாமியாருக்குத் தமிழ் தீர்ந்துவிட்டது. வாயைத் திறக்காத அழுத்தக்காரியைத் திட்டுகிற ஒரு தெலுங்கு வசவைச் சொல்லி, "இதுக்குத் தமிழ்ல என்னா?" என்று என்னையே கேட்டார்.

"கல்லுளிமங்கி" என்றேன், மூக்கைச் சிந்திக்கொண்டே.

"ஆங், கல்லுளிமங்கி!" என்று அதையும் சேர்த்துத் திட்டினார்.