கிழித்து ஒட்டிய குடை

சார்ட் பேப்பர் சுருளை இன்று லாஃப்டிலிருந்து இழுத்தபோது, உள்ளேயிருந்து ஒரு நீலக் குடை விழுந்தது. குடை என்று நான் சொன்னால்தான் தெரியும். ஒரு பக்கம் இட்லி மாதிரி உப்பல், மறுபக்கம் எலி கடித்த மாதிரி. நடுவில், பசையோடு காய்ந்துபோன என் மகள் மித்ராவின் கட்டைவிரல் ரேகை. போன மழைக்கு நீயும் அவளும் கிழித்து ஒட்டியது.

இன்றும் மழை விடுமுறை. பள்ளிக்குத்தான் விடுமுறை, அம்மாக்களுக்கு இல்லை. எட்டு மணிக்கே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மிஸ் போட்டுவிட்டார்: ‘மழைநாள் கைவேலை. காகிதக் குடை. குழந்தையே செய்ய வேண்டும். மாலைக்குள் போட்டோ.’ பத்து மணிக்குள் வந்து குவிந்த குடைகளை நீ பார்த்திருக்க வேண்டும். ஜரிகை ஓரம், முத்து முத்தாகத் துளிகள், கீழே அழகான கையெழுத்தில் ‘நானே செய்தேன்’. நாலு வயதுக் குழந்தைகளாம். இந்த அம்மாக்களை விட்டால் திருவான்மியூர் முழுக்கப் பந்தலே போட்டுவிடுவார்கள். ‘சூப்பர் குட்டி’ என்று பாராட்டு வேறு. யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கூட்டத்தில் எனக்கும் இடம் உண்டு. காலேஜிலிருந்து கூடவே இருந்த உனக்குத் தெரியாததா? போன வருடம் தரமணி ஆபீஸிலிருந்து நனைந்து வந்தவள், எதிர் ஃப்ளாட்டான உன் கதவைக்கூடத் திறக்காமல் என் ஹாலில் வந்து நின்றாய். இதே குடைக் கைவேலைக்காக நான் காம்பஸ் வைத்து வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். மித்ரா சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாடி, காலேஜ்ல வச்ச டிராயிங் அரியர் இன்னும் பாக்கியா கீது?” என்றாய். “கத்தரிக்கோலைக் கீழ வை. பாப்பா, நீ வா, நாம கிழிக்கலாம்.”

அரை மணியில் உருவான அந்த விகாரத்தைப் பார்த்து, “கேவலமா இருக்கு,” என்றேன். மித்ராவுக்கு எதிரிலேயே.

“கேவலமாத்தான் கீது. அவ கை அவ்ளோதான்டி. உன் கையைக் கழட்டியா குடுக்கப் போற?”

நீ போனதும் அதைச் சுருட்டி ஒளித்துவிட்டு, என் வட்டத்தைத்தான் குழுவுக்கு அனுப்பினேன். ஆறு மாதம் கழித்து, காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பவில்லை. என்னை அப்படி மட்டம்தட்ட இப்போது ஆளில்லை.

இன்று மித்ரா முன்னால் காகிதத்தை வைத்தேன். தொடவில்லை.

“நீயே பண்ணும்மா. நான் பண்ணா கேவலமா இருக்கும்.”

அழக்கூட இல்லை, ஏதோ தகவல் மாதிரி சொன்னாள். அந்தச் சொல்லை அவளுக்குக் கொடுத்தது யார் என்று தேட வேண்டியதே இல்லை.

கத்தரிக்கோலை அலமாரிக்கு மேலே தூக்கி வைத்தேன். தரையில் உட்கார்ந்து வெறுங்கையால் கிழித்தேன். குடை வரவில்லை, பல்லிதான் வந்தது. மித்ரா எட்டிப் பார்த்தாள்.

“அய்யே, உன்னுதுதான் கேவலம்.” பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “மெதுவா கிழிக்கணும்மா. ஆன்ட்டி சொன்னாங்கல்ல?” என்று காகிதத்தை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

அவள் குடையைப் படமெடுத்துக் குழுவில் போட்டேன். ஓர் அம்மா எழுதினார்: ‘பாப்பாவே பண்ணதா? பாத்தாலே தெரியுது.’

நீ விட்டுப்போனதில் என்னிடம் மிச்சம் உன் ஏளனம்தான், அதுவும் பாதிதான் வரும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு பதில் அடித்தேன்: ‘ஆமாம். உங்க வீட்டுல யார் பண்ணது?’