துரை நலமாக இருக்கிறான்

மார்ச் 4

அன்புள்ள நீதிபதி அம்மாவுக்கு,

விடுதியில் குளியலறைச் சண்டைக்கெல்லாம் தீர்ப்புச் சொன்னவள் ரேஞ்சர் ஆனதிலிருந்து ஆளையே பிடிக்க முடியவில்லை. உன் காட்டில் போன் எடுக்காது, தபாலாவது வருகிறதே. போன இரண்டு கடிதங்களுக்கும் நீ பதில் போடவில்லை. போகட்டும், மன்னித்தேன்.

இங்கே ஓர் அதிசயம். இவர் பக்கவாதத்தில் விழுந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. பேச்சில்லை, கட்டிலே உலகம் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். போன மாதம் இவரோடு லாரி ஓட்டிய மீசைக்காரர் பார்க்க வந்தார். சட்டைக்குள் ஒரு மான்குட்டி! "காட்டு ரோட்டோரம் புல்லுல தனியா கிடந்துச்சு தங்கச்சி, தாயைக் காணோம். விட்டா நாய் இழுத்துட்டுப் போயிடும்" என்று என் கையில் திணித்துவிட்டார்.

புட்டியில் பால் குடிக்கிறான். நடையைப் பார்த்தால் வீட்டையே விலைக்கு வாங்கியவன் மாதிரி. அதனால் துரை என்று பெயர். துரை நேராகக் கட்டிலுக்குப் போய் இவர் கைமேல் தலையை வைத்தான். டாக்டரே கைவிட்ட கை அது. மெல்ல எழுந்து அவன் காதைத் தடவியது. அடுப்பில் பால் பொங்கி வழிய, நான் நின்றபடி அழுதேன்.

மிருகங்களோடு மாரடிக்கிறவள் நீ. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

உன் வாயாடி

மார்ச் 13

அன்புள்ள வாயாடிக்கு,

அண்ணன் கை அசைந்தது என்று படித்ததும் கண் நிறைந்துவிட்டது. அதோடு நிறுத்திக்கொள்ள எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அந்தக் குட்டி அனாதை இல்லையடி. தாய்மான் குட்டியைப் புல்லில் படுக்கவைத்துவிட்டு விலகித்தான் மேயும். தன் வாசனையைப் பிடித்து எதிரி வந்துவிடக் கூடாதே என்று, பால் கொடுக்க மட்டும் திரும்பி வரும். குட்டி அசையாமல் கிடக்கும். அதைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்று நாம் தூக்கி வந்துவிடுகிறோம். மீசைக்காரர் போன பிறகு அந்தத் தாய் அங்கேயே சுற்றிச் சுற்றித் தேடியிருக்கும்.

காட்டு விலங்கை வீட்டில் வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை கிடையாது. பாசத்தோடு வைத்திருந்தாலும் குற்றம்தான், சிறைவரை போகும். நீயாகவே உன் ஊர் வன அலுவலகத்தில் ஒப்படைத்தால் வழக்கு வராது. இப்போதே கொடுத்துவிடு. ஆளோடு பழகப் பழக அதற்குக் காடு மறந்துபோகும்.

இதைத் தோழியாக எழுதுகிறேன். ரேஞ்சராக எழுத வைக்காதே.

உன் நீதிபதி

ஏப்ரல் 2

அடியே,

தோழி, ரேஞ்சர் இரண்டு பேரில் யாருக்கு நான் பதில் எழுதுவது?

ஆடு வளர்க்கலாம், மாடு வளர்க்கலாம், துரை மட்டும் அரசாங்கச் சொத்தா? அரசாங்கமா ராத்திரி எழுந்து பால் காய்ச்சியது?

கோபப்படவில்லை, கெஞ்சுகிறேன். இவர் இப்போது தானாகவே சுவரில் சாய்ந்து உட்காருகிறார். பயிற்சி கொடுக்க வரும் பெண் சிரிக்கிறாள்: "அக்கா, என் சம்பளத்தை இந்த மானுக்கே குடுத்துடுங்க. நான் ஆறு மாசமா செய்ய முடியாததை இது செஞ்சிடுச்சு." உங்கள் சட்டத்தில் ஒரு சந்துபொந்து இருக்காதா? நோயாளிக்கென்று ஏதாவது அனுமதி? தேடிப் பாரேன். தெருவில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். இதெல்லாம் தெரிந்த அதிகாரி நீ ஒருத்திதான். நீ மறந்துவிட்டால் போதும்.

வாயாடி

ஏப்ரல் 15

அன்புள்ள வாயாடிக்கு,

தேடினேன். இல்லை.

மறந்துவிடத்தான் பார்த்தேன். போன வாரம், வீட்டில் மான் வைத்திருந்த ஒரு கூலிக்காரர் மேல் வழக்குப் பதிந்தேன். அவர் மகள் என் பூட்ஸைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவருக்கு ஒரு சட்டம், என் தோழிக்கு ஒரு சட்டமா?

இன்னொன்றும் இருக்கிறது. துரை கிடா. கொம்பு முளைத்து இணை தேடும் பருவம் வந்தால், பால் கொடுத்த கையையே குத்தும். கையால் வளர்த்த மானுக்குத்தான் மனிதனிடம் பயம் இருக்காது. எழுந்து ஓட முடியாத ஒருவர் பக்கத்தில் அதை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய்?

உன் ஊர் என் சரகம் இல்லை. ஆனாலும் முன்பின் தெரியாதவர்கள் வந்து நிற்க வேண்டாமென்று, மேலிடத்தில் கேட்டு நானே வருகிறேன். வரும் வெள்ளிக்கிழமை. நீயாக ஒப்படைத்தாய் என்றுதான் எழுதுவேன்.

உன் நீதிபதி

ஏப்ரல் 27

நீ குடிக்காமல் வைத்துவிட்டுப் போன தேநீரைக் கொட்டிவிட்டேன்.

கண்ணையும் காலையும் துணியால் கட்டித் தூக்கியபோது துரை கதறினானே, அப்போது இவர் "விடு!" என்றார். நீ கேட்டாய். கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டாய். ஒரு வருடத்தில் இவர் பேசிய முதல் சொல் அது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. வாசலையே பார்க்கிறார். கை மறுபடி மடியில் கிடக்கிறது.

அவன் எப்படி இருக்கிறான்? பால் வெதுவெதுப்பாக இருந்தால்தான் குடிப்பான். அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

மே 6

அன்புள்ள வாயாடிக்கு,

குட்டி இறந்துவிட்டது. மீட்பு மையத்துக்கு வந்த வாரமே.

மான்களுக்கு அப்படி நேரும். பிடித்துக் கட்டிக் கொண்டுபோகிற பயமே உள்ளுக்குள் தசையைச் சிதைத்துவிடும். வெளியே ஒரு கீறல் இருக்காது. பின்கால்கள் துவண்டு படுத்துவிட்டது. கால்நடை மருத்துவர் செய்யாதது ஒன்றும் இல்லை.

இப்படி நேரலாம் என்று எனக்குத் தெரியும். உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ கொடுத்திருக்கமாட்டாய்.

விதியில் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. நாளைக்கே இன்னொரு வீட்டில் ஒரு குட்டி இருந்தாலும் போய் எடுத்துத்தான் வருவேன்; எடுக்காவிட்டால் ஆளாளுக்குத் தூக்கிப்போய்ப் புல்லில் குட்டிகளே மிஞ்சாது. இதை யாரிடம் சொல்லி அழுவது? எல்லாவற்றையும் உன்னிடமே சொல்லிப் பழகிவிட்டேன்.

உன் நீதிபதி

மே 16

ரேஞ்சர் அவர்களுக்கு,

இவரிடம் சொல்லவில்லை. உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாய்க்கு வந்ததைப் படித்தேன்: "துரை நல்லா மேயுறானாம், கொழுத்துட்டானாம்." கை எழுந்தது.

மாதம் ஒரு கடிதம் எழுது. இவருக்கே எழுது. நடுவில் எனக்கென்று ஒரு வரி வேண்டாம், விசாரிப்பும் வேண்டாம். நேரில் வராதே.

நடக்க ஆரம்பித்தால் அழைத்துப்போய்த் துரையைக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இனி நடக்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் நீ மாட்டிக்கொள்ளமாட்டாய்.

ஜூன் 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். துரை நலமாக இருக்கிறான். எங்கள் பக்கம் மழை பெய்து புல் இடுப்பளவு வளர்ந்திருக்கிறது. முதலில் கூட்டம் அவனைப் புதியவன் என்று ஒதுக்கியது. இப்போது ஒரு கிழட்டுப் பெண்மான் அவனைப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டிருக்கிறது. காவலர்கள் கூப்பிட்டால் காதை மட்டும் திருப்புகிறான், வருவதில்லை. நெற்றியில் கொம்பு வரும் இடம் லேசாகப் புடைத்திருக்கிறது.

பயிற்சியை விட்டுவிடாதீர்கள். வேலியோரம் உங்களுக்காக ஒரு நாற்காலி போட்டுவைத்திருக்கிறேன். நடக்கத் தொடங்கியதும் வாருங்கள்.

தங்கள் அன்புத் தங்கை