மூச்சுக்குறி இல்லாத பக்கம்

அம்மாவுக்கு உங்கள் பெண் வணங்கி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? யாரையும் வாசிக்கச் சொல்லாமல் நீங்களே எழுத்துக்கூட்டிப் படிக்கப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

பள்ளியின் சேர்ந்திசைக் குழுவுக்கு நான் இயற்றிய பாட்டை நேற்று பிள்ளைகள் முதல்முறையாகப் பாடிப் பார்த்தார்கள். மூன்றாம் பக்கத்தில் எல்லோருக்கும் மூச்சு முட்டிவிட்டது.

"மிஸ், எங்களைச் சாகடிக்கப் பாக்குறீங்களா?" என்றாள் முன்வரிசை வாயாடி. ஒரே சிரிப்பு.

பாட்டு டீச்சர் தாளை வாங்கிப் பார்த்தார். "என்னம்மா இது, பக்கம் பூரா ஒரு மூச்சுக்குறிகூட இல்லையே! பிள்ளைங்க எங்கதான் மூச்சு விடும்?"

மறந்துவிட்டேன் என்று நானும் சிரித்தேன்.

அப்பா போய்விட்டார் என்று நீங்கள் போன் செய்த அன்று எழுதிய பக்கம் அது. இங்கே யாருக்கும் தெரியாது. சொன்னால், ஏன் ஊருக்குப் போகவில்லை என்று கேட்பார்கள். பாட்டை முடித்துக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று, படுக்கையில் கிடந்த அப்பாவிடம் நான் சொன்னதை அவர்களிடம் எப்படிச் சொல்வேன்?

குறிகளைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இப்போது நன்றாகப் பாடுகிறார்கள்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. என் பழைய பச்சைச் சால்வையை அனுப்புங்கள். அதோடு ஒரு தாளில் இரண்டே வரி. போனில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கடைசி நாளில் அப்பா என்னைத் தேடினாரா? பிழையாக இருந்தாலும் உங்கள் கையாலேயே எழுதுங்கள். தேடியிருந்தால், நான் தாங்கமாட்டேன் என்று நினைத்து மறைத்துவிடாதீர்கள் அம்மா.

மணி அடித்துவிட்டது, பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள்.

உங்கள் மகள்