மூன்று விரல் சந்தனம்

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்த காரியம், பேட்டரிக்குள், சார்ஜ் அளக்கிற ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தது. பாலுக்குப் போகவில்லை. அடுப்பைப் பற்றவைக்கவில்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு பின்கதவைத் திறந்து, ஈரப் புல்லில் நடந்துபோய் நம் டிப்பா வண்டியின் கதவைத் தள்ளினேன். அதே வாசனை. பேட்டரி அமிலமும், பழைய ரெக்ஸினும், நீ அலமாரிக்குள் வைத்து மறந்த நார்த்தங்காய் ஊறுகாயும் கலந்த வாசனை. அது வேறு எங்கும் கிடையாது.

ரப்பர் குமிழை அழுத்தி விட்டேன். அமிலம் கண்ணாடிக் குழாய்க்குள் ஏறியது. மிதவை கொஞ்சம் ஆடிவிட்டுப் பச்சைப் பட்டையில் நின்றது. பேட்டரியின் அடுத்த அறையிலும் பச்சை. ஆறு அறையிலும் பச்சை. பேட்டரி முழுசாக நிறைந்திருக்கிறது. போன அக்டோபருக்குப் பிறகு நீ இதைப் பார்த்ததே இல்லை. கடைசிவரைக்கும் சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில்தான் அது நின்றது; நீயும் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றாய்.

ஏன் நிறையவில்லை என்று கண்டுபிடித்துவிட்டேன். உன்னிடம் சொல்ல வேண்டும்.

டிப்பா வந்த நாள் நினைவிருக்கிறதா? என் ஆபீசுக்குப் போன் செய்தாய். "ஏட்டி, ஒரு வீடு வாங்கிட்டேன். ரெண்டு சக்கரம் இருக்கு." ஐரோப்பாவிலிருந்து சாலை வழியாகவே டில்லிவரை இழுத்து வந்த ஒரு தம்பதி, திரும்பிப் போக விமானம் போதும் என்று அதை விற்றுவிட்டார்கள். காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுக்கிற வண்டி. உள்ளே இரண்டு படுக்கை, ஒரு மேஜை, ஒரு சின்னத் தொட்டி, கூரையில் ஒரு விளக்கு. நீ பிசிக்ஸ் லெக்சரர், தனியாள், லோதி ரோடு பக்கம் மொட்டைமாடியில் ஒற்றை அறை, ஒரு பர்சாத்தியில் குடியிருப்பவள். உனக்கு அதை நிறுத்த இடமில்லை. எங்கள் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ் தரைத்தளம். பக்கத்தில் வேப்பமரமும் காலி இடமும் இருந்தன. என் கணவரிடம் இரண்டு நாள் என்று சொன்னாய். மூன்று வருஷமாக நிற்கிறது.

மேல்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, ரயில்பெட்டி வந்துவிட்டது, இஞ்சின் எப்போது வரும் என்று இந்தியில் கேட்டாள். ரயில்பெட்டிக்கு இந்தியில் டிப்பா. அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர். என் மகள் பள்ளிக்கூடத்தில் 'எங்கள் வீடு' என்று எழுதிய கட்டுரையில்கூட டிப்பாவுக்கு ஒரு பத்தி இருந்தது.

முதல் பயணமாக டில்லிக்குப் பக்கத்திலுள்ள சோனாவுக்குப் போனோம். உன் பழைய அம்பாசிடர் முன்னால், டிப்பா பின்னால். பொழுது சாய்கிற நேரம் ஏரிக்கரையில் நிறுத்திவிட்டு, தயிர்சாதப் பாத்திரத்தைத் திறந்து, விளக்கைப் போட்டோம். மஞ்சளாக எரிந்தது. ஆளுக்கு ஒரு கவளம் எடுப்பதற்குள் பழுப்பானது. அப்புறம் உள்ளே இழை மட்டும் சிவப்பாகத் தெரிந்தது, அணைகிற ஊதுபத்தி மாதிரி. நான் டார்ச்சைத் தேடினேன். நீ தேடவில்லை. வாயில் சோற்றை வைத்துக்கொண்டே விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இவ்வளவு தூரம் கார் ஓடியிருக்கு. ஓடுற வழியெல்லாம் சார்ஜ் ஏறியிருக்கணும்லா? எங்கட்டி போச்சு?"

அந்தக் கேள்விதான் நம் இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டது. நான் சரித்திரம் படித்தவள். பியூஸ் போனால் கணவரைக் கூப்பிடுகிறவள். ஆனால் அந்த 'எங்கே போச்சு' எனக்கும் அரித்தது. மறுநாள் இஞ்சினை ஓடவிட்டு, மீட்டரை முதலில் காரில் வைத்தாய், அப்புறம் டிப்பாவில் வைத்தாய். காரில் இருந்த அழுத்தம் டிப்பாவுக்கு வந்து சேரவில்லை. நடுவில் ஓடிய வயர் அவ்வளவு மெலிசு, அவ்வளவு நீளம். டைனமோ அனுப்பியதில் ஒரு பங்கை வயரே சூடாக்கித் தின்றுவிட்டது. "எங்க தொலையுதுன்னு முதல்ல பாரு. அப்புறம் என்ன வாங்கணும்னு யோசி" என்றாய். இதை எத்தனை தடவை சொல்லியிருப்பாய். குழாயில் தண்ணீர் வராதபோதும் சொன்னாய். என் மகளுக்குக் கணக்கில் மார்க் குறைந்தபோதும் சொன்னாய்.

பாகீரத் பேலஸ் மின்சாமான் கடைத்தெருவில் கட்டைவிரல் தடிமனுக்குக் கேபிள் கேட்டபோது கடைக்காரர் நம் இருவரையும் மேலும் கீழும் பார்த்து, வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். கொஞ்சமும் யோசிக்காமல் ஆமாம் என்றாய். பட்டறைக்காரர்களுக்கான விலையைப் போட்டுக் கொடுத்தார். பஸ்ஸில் அந்தக் கேபிள் சுருளை இரண்டு பேர் மடியிலும் வைத்துக்கொண்டு வந்தோம். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழிக்கப் பார்த்தார்.

கேபிள் மாறியது. பேட்டரி மாறியது. வீட்டுக் கரண்டிலிருந்து சார்ஜ் பண்ண ஒரு டிரான்ஸ்பார்மர் பெட்டி செய்தாய். கோடையில் கரண்ட் பாதி நாள் இல்லை என்பதால் அதுவும் பாதி நாள் சும்மா கிடந்தது. ஒருநாள் அமிலம் தெறித்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. துவைத்த பிறகுதான் என் கைத்தறிச் சேலையில் பொத்தல் தெரிந்தது. கொசுவத்தில் பட்டிருக்கிறது. அதனால் பிரித்துப் பார்த்தபோது ஒரு சாண் இடைவெளியில் ஒரே மாதிரிப் பொத்தல்கள் வரிசையாக இருந்தன. நீ அதைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்து, நெசவாளிகூட இவ்வளவு ஒழுங்காகப் போட மாட்டான் என்றாய். அந்தச் சேலையை நான் தூக்கிப் போடவில்லை.

பிறகு வெயிலிலிருந்து கரண்ட் எடுக்கிற சூரியப் பலகை வந்தது. உனக்குத் தெரிந்த ஒரு சோதனைச்சாலையில் கழித்துப் போட்டது. கண்ணாடிக்கு அடியில் அப்பள அளவில் கருநீல வட்டங்கள், வரிசை வரிசையாக. சட்டத்தில் ஒரு மூலை மட்டும் நசுங்கியிருந்தது. டிப்பாவின் பக்கவாட்டில் சாக்பீஸால் வட்டங்கள் வரைந்து எனக்கு விளக்கினாய். ஒவ்வொரு வட்டமும் கொஞ்சம்தான் தரும். அதனால் ஒன்றின் வாலை இன்னொன்றின் தலையோடு கோத்திருக்கிறார்கள். எல்லாக் கரண்டும் எல்லா வட்டத்தின் வழியாகவும் போயாக வேண்டும். "ஒத்தை ஆள் ஏறுற மாடிப்படி மாதிரி. நடுவுல ஒருத்தி உக்காந்துட்டா, மேல இருக்கவளும் கீழ இருக்கவளும் நிக்க வேண்டியதுதான்." நான் எங்கள் ஆபீசில் கோப்புகள் நகர்கிற விதத்தைச் சொன்னேன். அதேதான் என்றாய்.

செப்டம்பரில் கூரையில் பொருத்தினோம். வேப்ப நிழல் விழாமல் இருக்க, தெருப் பையன்கள் நாலு பேரைச் சேர்த்து டிப்பாவைத் தள்ளி வெயிலில் நிறுத்தினோம். மூன்று வாரம் மிதவை பச்சையில் நின்றது. அடுத்த மே மாதம் கௌசானி என்று நீ அன்றே தீர்மானித்துவிட்டாய். "மலையில இது இன்னும் கூடத் தரும்ட்டி. வெயில் சுத்தம், காத்து குளிர்ச்சி. பலகை சூடாகாது. மீட்டர் முள்ளு எங்க போய் நிக்குதுன்னு பாக்கணும்." பனிமலையைப் பார்க்க வேண்டும் என்று நீ சொல்லவில்லை. முள்ளைப் பார்க்க வேண்டும் என்றுதான் சொன்னாய்.

அந்த ஆயுத பூஜை அன்று எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். புத்தகங்கள், மகளின் ஜியோமெட்ரி பாக்ஸ், கணவரின் ஸ்கூட்டர், டிப்பாவின் கதவு. நீ டிப்பாவின் படியில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டே வம்புக்கு இழுத்தாய். "ஸ்பேனருக்குப் பொட்டு வெச்சா துருப்பிடிச்ச நட்டு கழலுமா?" கழலாவிட்டாலும் ஸ்பேனருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றேன். "அப்போ வோல்ட்மீட்டருக்கு ஒரு மாலை போடு" என்றாய். கொஞ்ச நேரம் கழித்துச் சந்தனக் கிண்ணத்தைக் காணவில்லை. வீடு முழுக்கத் தேடினேன். சாயங்காலம் டிப்பாவின் படியில் இருந்தது. மகள்தான் விளையாட எடுத்தாள் என்று அவளைக் கோபித்துக்கொண்டேன். நீ பக்கத்தில்தான் நின்றாய்.

அதற்கப்புறம்தான் பேட்டரி இறங்க ஆரம்பித்தது. குளிர்கால வெயில் சாய்வு என்றாய். மூடுபனி என்றாய். பிறகு அதெல்லாம் இவ்வளவு குறைக்காது என்று நீயே மறுத்தாய். ஒவ்வொரு இணைப்பையும் அவிழ்த்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாய். டயோடை மாற்றினாய். பேட்டரியையே சந்தேகப்பட்டு வேறொன்று இரவல் வாங்கி வைத்துப் பார்த்தாய். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஏணி போட்டு ஏறிப் பலகையைத் துடைத்தாய். டில்லித் தூசி ஒரு வாரத்தில் எவ்வளவு சேரும் என்று உனக்குத் தெரியும். "எங்கயோ தொலையுது. பாத்துருவோம்" என்று இறங்குவாய். ஜனவரியில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் இருந்தபோதும், மூச்சு வாங்கிக்கொண்டே, "இன்னைக்கு எவ்வளவு?" என்று கேட்டாய். அதுதான் நீ என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி. எப்போதும்போலத்தான் என்று சொன்னேன்.

காரியமெல்லாம் முடிந்தபிறகு உன் தம்பி பாளையங்கோட்டைக்குக் கிளம்பும்போது கார் சாவியை என்னிடம் கொடுத்தார். "காரும் அந்த வண்டியும் உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா. வெச்சுக்கிட்டாலும் சரி, குடுத்தாலும் சரி. அக்கா அப்பிடித்தான் சொல்லிச்சு." என் கணவர் மூன்று வருஷம் பொறுத்தவர். கோல் மார்க்கெட்டில் ஜூஸ் கடை வைத்திருக்கும் ஒருவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவருக்கு டிப்பாவின் கூடு போதும். பக்கத்தில் ஜன்னல் வெட்டி இன்னொரு கடை போட்டுவிடுவார். வயர், பேட்டரி, மேலே இருக்கிற கண்ணாடி எதுவும் வேண்டாமாம், நாங்களே கழற்றிக்கொள்ளலாமாம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஜீப்போடு வருவதாகப் பேச்சு. நான் தலையாட்டிவிட்டேன். நீ இல்லாத டிப்பாவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று அன்றைக்குத் தோன்றியது.

அதனால்தான் நாலு நாளைக்கு முன்னால் பலகையைக் கழற்ற ஏணியில் ஏறினேன். நான் அந்தக் கூரையைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மேலே ஏறுவது எப்போதும் நீ. ஏணியைப் பிடிப்பது நான்.

நடு வரிசையில் ஒரு வட்டத்தின் மேல் மூன்று விரல் சந்தனம். பட்டையாக, தாராளமாக, நடுவில் குங்குமம். இந்தக் குளிர்காலத்தில் மழையே இல்லாததால் காய்ந்து ஓடாகி அப்படியே இருந்தது. மூன்று கோட்டில் நடுக்கோடு மட்டும் கடைசியில் கீழ்நோக்கிச் சரிந்திருந்தது. வளைந்த நடுவிரல் நம் இரண்டு வீட்டிலும் உனக்கு மட்டும்தான் உண்டு.

ஏணியிலேயே நின்றேன். சந்தனம் இருந்தது மட்டும் ஆச்சரியமில்லை. அதைச் சுற்றிலும், தூசிக்கு அடியில், நீ துடைத்த தடம் இருந்தது. துணி வட்டமாகப் போயிருக்கிறது. வாராவாரம் மற்ற எல்லா இடத்தையும் அழுத்தித் துடைத்திருக்கிறாய், சந்தனத்தை மட்டும் ஒதுக்கிவிட்டு. பூஜையில் இட்டதை நாமாக அழிப்பதில்லை. தானாக உதிரட்டும் என்று விடுவோம். எங்கள் ஸ்கூட்டரிலும் பங்குனி வரைக்கும் இருக்கும். மாடிப்படியில் ஒருத்தி உட்கார்ந்தால் எல்லாரும் நிற்க வேண்டியதுதான் என்று வருஷா வருஷம் வகுப்பில் சொன்னவள், அந்த ஒருத்தியைச் சுற்றித் துடைத்துவிட்டு இறங்கி, வயரைச் சந்தேகப்பட்டிருக்கிறாய். உன் கண்ணுக்கு அது சந்தனமாகத்தான் தெரிந்திருக்கிறது, நிழலாகத் தெரியவில்லை.

அழுதிருக்க வேண்டும். எனக்கு டிப்பாவுக்குள் கரண்டை அளக்கிற அம்மீட்டரைப் பார்க்கத் தோன்றியது. ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவரைக் கூப்பிட்டு, உள்ளே உட்கார்ந்து முள் எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன்.

"விக்கப் போற வண்டிக்கு இப்ப என்ன சோதனை?"

"சொல்லுங்களேன்."

"ஒண்ணுக்குக் கீழதான் இருக்கு."

சந்தனத்தை நகத்தால் மெதுவாகப் பெயர்த்து, டிஸ்டில்டு வாட்டர் பாட்டிலின் மூடியில் சேர்த்தேன். ஈரத் துணியால் மிச்சத்தை ஒற்றினேன். ஒரு கோடு போனது. இரண்டாவது கோடு போனது. கீழேயிருந்து அவர் குரல் மாறியது.

"ஏய், ஏறுது. என்ன பண்றே மேல? ஒண்ணு தாண்டிடுச்சு... இரு, இரு... ரெண்டுகிட்ட வந்துடுச்சு."

அவர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். டையை முடிந்துகொள்ள மறந்திருந்தார். என்ன கோளாறு என்று கேட்டார். தூசி என்றேன். உன் சந்தனத்தை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. அது நீ யாருக்கும் தெரியாமல் இட்டது.

இந்த நாலு நாளாக ஒன்றையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் வைத்த பொட்டுகளைக் கேலி செய்தவள், கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கூரையேறி எதை வேண்டிக்கொண்டாய்? பலகைக்காகவா, கௌசானிக்காகவா, அல்லது அப்போதே மூச்சு வாங்க ஆரம்பித்திருந்ததா? விடை தெரியாது. எங்கே தொலைகிறது என்று பார்க்கச் சொல்லிக்கொடுத்தவள், பார்க்க முடியாத ஒன்றையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. சேலையின் பொத்தல்களோடு அதையும் வைத்துக்கொள்கிறேன்.

இப்போது வீட்டுக்குள் அடுப்பு பற்றவைக்கிற சத்தம் கேட்கிறது. நான் எங்கே என்று கணவர் மகளிடம் கேட்கிறார். டிப்பா என்கிறாள் அவள். மூடியில் இருந்த சந்தனத்தைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, ஏணியில் ஏறி, பலகையின் நசுங்கிய மூலையில், சட்டத்தின் மேல் இட்டேன். கண்ணாடியில் ஒரு துளிகூடப் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜூஸ் கடைக்காரர் ஜீப்போடு வருவார். டிப்பா கிடையாது என்று சொல்லி அனுப்பப் போகிறேன். லைசென்ஸ் வாங்கியும் இந்தியா கேட்டைச் சுற்றியதைத் தவிர எங்கும் ஓட்டாதவள், மே மாதம் உன் அம்பாசிடரில் கொக்கியை மாட்டிக்கொண்டு கௌசானிக்குக் கிளம்பப் போகிறேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. மலையில் அந்த முள் எங்கே போய் நிற்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.