அரிசி டின்னில் பதினோரு நாள்

போன சனிக்கிழமை கவிதாவின் பிறந்தநாள். "சமைக்க வேணாம்மா, வெளிய போய் சாப்புடலாம்" என்று குர்னி கடற்கரைப் பக்கம் ஓர் உணவகத்துக்கு என்னை அழைத்துப் போனாள். நம் மகளுக்கு நாற்பது தாண்டிவிட்டது, தெரியுமா? சாப்பிட்டு முடிந்ததும் பரிமாறிய பெண் பில்லைக் கறுப்பு ரெக்சின் அட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். கவிதா அதைத் திறந்துகூடப் பார்க்காமல் தன் கார்டை உள்ளே செருகினாள். எனக்குப் பொறுக்கவில்லை. அட்டையை என் பக்கம் இழுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். "அம்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். பார்க்கட்டுமே. அட்டையைத் திறந்தபோது பழைய ரெக்சினும் குழம்பும் கலந்த ஒரு வாடை வந்தது. இருபத்தைந்து வருஷம் உங்கள் கையில் இருந்த வாடை அது.

நீங்கள் போய் ஏழு வருஷம் ஆகிறது. உங்களிடம் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமலே வழியனுப்பிவிட்டேன். அன்று வீடு திரும்பியதும் எழுத உட்கார்ந்தேன். நாலு தாள் கிழித்துப் போட்டாயிற்று, இது ஐந்தாவது.

பத்து ஃபிரிங்கி கடற்கரை ஹோட்டலில் நீங்கள் கேப்டன். கப்பல் கேப்டன் இல்லை, சாப்பாட்டுக் கூடத்து வெயிட்டர்களுக்குக் கேப்டன் என்று நான் கேட்பவர்களுக்கெல்லாம் விளக்குவேன். உங்களுக்கு முகம் சுருங்கும். வீட்டில் முகம் துடைக்கிற துண்டைக்கூட அன்னப்பறவையாக மடித்து வைப்பீர்கள். அதைப் பிரிக்க மனசு வராமல் நான் முந்தானையில் துடைத்துக்கொள்வேன். ஜெர்மன்காரர்களுக்கு ஜெர்மனில் காலை வணக்கம், ஜப்பான்காரர்களுக்கு ஜப்பானில். எனக்கு மட்டும் தமிழில், "காப்பி ரெடியா?"

அடிப்படைச் சம்பளம் பெயருக்குத்தான். நம் வீட்டை நடத்தியது சர்வீஸ் பாயிண்ட். விருந்தாளிகளின் பில்லில் சேவைக்கென்று சேர்க்கிற பணம் மாதக் கடைசியில் தொழிலாளர்களுக்குப் பாயிண்ட் கணக்கில் பிரிந்து வரும். ஹோட்டல் நிறைந்தால் நம் வீட்டு அடுப்பும் நிறையும். முதல் தேதியானால் முருகன் படத்துக்கு அடியில் எண்ணூறு வெள்ளி வைப்பீர்கள். நான் எடுத்துக் கும்பிட்டு முந்தானையில் முடிந்துகொள்வேன். சம்பளம் எவ்வளவு என்று நான் கேட்டதில்லை. நீங்கள் சொன்னதும் இல்லை. அந்தக் காலத்தில் அதைக் கேட்பது மரியாதை இல்லை என்று எனக்கு யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். யார் சொன்னார்களோ, அவர்கள் வந்து என் கடனைக் கட்டவில்லை.

பிறகு, கடலுக்கு அந்தப் பக்கம் காடு எரிந்த அந்தப் புகைமூட்டம் வந்தது. கண் எரிந்தது, ஒன்பதாவது மாடியிலிருந்து பார்த்தால் கடல் இருக்கும் இடமே தெரியவில்லை. அது கலைவதற்குள் நம் நாட்டு வெள்ளிப் பணத்தின் மதிப்பு விழுந்தது. தொழிற்சாலைகளில் ஆள் குறைத்தார்கள். நம் மாடியிலேயே மூன்று வீட்டு ஆண்கள் பகலில் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார்கள். நீங்களோ வழக்கம்போல வெள்ளைச் சட்டை, கறுப்பு போ டையோடு மோட்டார் சைக்கிளில் கிளம்பினீர்கள். முதல் தேதி எண்ணூறு வெள்ளியும் தவறாமல் வந்தது. முருகன் நம்மைக் கைவிடவில்லை என்று பக்கத்து வீட்டு பாத்திமா அக்காவிடம் பெருமையடித்தேன்.

நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு. ஆனாலும் ஒன்றைக் கவனிக்கத் தவறினேன். முன்பெல்லாம் நீங்கள் வைக்கும் பணத்தில் டிப்ஸ் காசும் கலந்திருக்கும், கசங்கிய ஐந்தும் பத்துமாக. புகைமூட்டத்துக்குப் பிறகு பதினாலு மாதமும் எல்லாம் மொடமொடவென்று ஐம்பது வெள்ளிப் புது நோட்டு. சாமிக்கு முன்னால் பார்க்க அழகாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். பாத்திமா அக்கா ஒரு கூட்டு நடத்தினார். பன்னிரண்டு பெண்கள், மாதம் ஆளுக்கு நூறு வெள்ளி, சீட்டுக் குலுக்கி மாதம் ஒருவருக்கு மொத்தப் பணம். உங்களுக்குத் தெரியாமல் நானும் சேர்ந்தேன். மீனைக் குறைத்து, கவிதாவின் பள்ளிச் சட்டையை நானே தைத்து மிச்சம் பிடித்தேன். மழையில் நனைந்து ஹோட்டலிலிருந்து அந்தக் கடலோர வளைவுப் பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டி வருகிறீர்களே, பழைய கார் ஒன்றுக்கு முன்பணமாவது சேர்க்கலாம் என்று ஆசை. "ஒங்க வீட்டு நோட்டு மட்டும் எப்பவும் புதுசா இருக்குலா" என்று பாத்திமா அக்கா ஒருமுறை சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

என் சீட்டு கடைசியாக, பன்னிரண்டாவது மாதம் விழுந்தது. ஆயிரத்து இருநூறு வெள்ளியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தேன். தீபாவளிக்குச் சொல்லி உங்களை அசத்துவதாகத் திட்டம். மறுநாளே, உங்கள் சட்டைகளை அடுக்கும்போது அலமாரிக்குள் அந்தக் கறுப்பு அட்டை கிடைத்தது. ஹோட்டலில் கழித்துக் கட்டிய பில் அட்டை. உள்ளே இரண்டு பேங்க் கார்டுகளின் மாதக் கணக்குத் தாள்கள், கடைசியில் ஒரு வக்கீல் கடிதம். என் ஆங்கிலம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒன்பதாயிரம் என்பதும் பதினாலு நாள் என்பதும் எண்ணில் எழுதியிருந்தது.

நீங்கள் வேலை முடிந்து வந்து காலணியைக் கழற்றும் வரைகூட நான் பொறுக்கவில்லை.

"பாயிண்ட் விழுந்துருச்சு" என்றீர்கள் குனிந்தபடியே. "பாதிக்கும் கீழ போயிருச்சு. ரூமெல்லாம் காலி. ஒன்கிட்ட எப்படி சொல்றது?"

"அப்ப எண்ணூறு வெள்ளி?"

"கார்டுலதான் எடுத்தேன். மெசின்ல போட்டா காசு வரும். ஒண்ணு நெறஞ்சதும் இன்னொண்ணு குடுத்தாங்க. அதுல எடுத்து இதுக்குக் கட்டுனேன். சுற்றுப்பயணிங்க திரும்பி வந்துருவாங்கன்னு நெனச்சேன்லா."

அப்போது நான் சொன்னது உங்களுக்கு மறந்திருக்காது. "வெளியதான் வெயிட்டர்னு நெனச்சேன். வீட்டுலயும் கடைசி வரைக்கும் பில்ல மூடி மூடிக் கொண்டாந்து வச்சிருக்கீங்க." கேப்டனை வெயிட்டர் என்றேன். எங்கே அடித்தால் வலிக்கும் என்று பெண்டாட்டிக்குத் தெரியாதா? நீங்கள் காலணியை மறுபடி மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போய், வெகுநேரம் கழித்து வந்தீர்கள்.

கட்டத் தவறினால் வழக்கு, பிறகு திவால், பேப்பரில் பெயர் வரும். உங்களை உலுக்கியது அந்தப் பேப்பர்தான். மறுநாள் பேங்குக்குப் போன் போட்டீர்கள். முதலில் இரண்டாயிரம் கட்டினால் மிச்சத்தை மூன்று வருஷத் தவணையாகப் பிரித்துத் தரலாம் என்றார்கள். உங்கள் கையில் நூற்றுச் சொச்சம் இருந்தது. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் டின்னைத் திறந்திருக்க வேண்டும். நான் திறக்கவில்லை. இந்தப் பணமும் போய்விட்டால் நாளைக்கு அரிசிக்கு எங்கே போவது என்று பயந்தேன் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயம் இருந்தது உண்மை. ஆனால் அதைவிடக் கோபம் இருந்தது. பதினாலு மாதம் என்னை முட்டாளாக்கினீர்களே, கொஞ்ச நாள் நீங்களும் தவியுங்கள் என்று இருந்தது. இன்னொன்றும் புரிந்தது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி நான் சேமித்த பணம் சேமிப்பே இல்லை. அதுவும் நீங்கள் வட்டிக்கு வாங்கி வந்த கடன்தான். அதை எடுத்து நீட்ட எனக்கே வெட்கமாக இருந்தது.

இப்படி ஒரு வாரம் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு, "கெப்பாலா பத்தாஸ் வரைக்கும் போய்ட்டு வரேன்" என்றீர்கள். அரசாங்க ஆபீசில் வேலை பார்க்கும் உங்கள் தம்பி வீட்டுக்கு. தம்பியைப் படிக்க வைத்தது நீங்கள். அவரிடம் ஒரு காசு கேட்டதில்லை என்பது உங்கள் ஒரே பெருமை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாசல்வரை வந்து வழியனுப்பினேன்.

ஃபெர்ரி ஏறி, பஸ் பிடித்துப் போய், இருட்டும் நேரத்தில் நனைந்துபோய் வந்தீர்கள். கையில் ஒரு பை ரம்புத்தான். முந்நூறு வெள்ளியை முருகன் படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, "தம்பி சும்மாதான் குடுத்தான், திருப்பித் தர வேணாமாம்" என்றீர்கள். பிறகு, "பழம் நல்லா இனிப்பு. சாப்புடு" என்றீர்கள். நீங்கள் ஒன்றுகூடச் சாப்பிடவில்லை. அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை. இன்னும் மூன்று நாள் போனது.

கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது என் வளையலை அடகுக் கடையில் வைத்து ஐந்நூறு வெள்ளி கொண்டுவந்தேன். அதோடு சேர்த்து டின்னிலிருந்த பணத்தையும் உங்கள் முன்னால் வைத்தேன்.

"இது ஏது?"

"பாத்திமா அக்கா கூட்டு. நேத்துதான் விழுந்துச்சு."

முதலில் புரியாமல் விழித்தீர்கள். பிறகு எத்தனை மாதம் கட்டினேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பல நாளைக்குப் பிறகு சிரித்தீர்கள். "பேங்க் காச எடுத்து ஒனக்குக் குடுத்தேன். நீ அக்காவுக்குக் குடுத்த. அக்கா ஒனக்குக் குடுத்தாங்க. இப்ப பேங்குக்கே போவுது. நல்ல சுத்து சுத்தி வந்துருக்கு." சிரிப்பு முடிவதற்குள் கண்ணைத் துடைத்தீர்கள். "நல்லவேள, நேத்து விழுந்துச்சு" என்றீர்கள்.

பீச் ஸ்ட்ரீட் பேங்கில் ஒரு சீனப் பெண் உங்கள் இரண்டு கார்டுகளையும் நம் கண்ணெதிரே கத்தரித்தார். வெளியே வந்து நேராகத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனோம். படியேறி மூச்சு வாங்க நின்று, "இனி ஒனக்குத் தெரியாம ஒரு காசு கெடையாது" என்று முருகன் முன்னால் சொன்னீர்கள். "நீயும் சொல்லு" என்றீர்கள். நானும் சொன்னேன். இறங்கும்போதுதான் உங்கள் வெறும் மணிக்கட்டைக் கவனித்தேன். பதினைந்து வருஷம் வேலை பார்த்ததற்கு ஹோட்டலில் மேடையேற்றிக் கொடுத்த கடிகாரம். "எங்க காணோம்?" "ரிப்பேருக்குக் குடுத்துருக்கேன்." அப்புறம் ஒருநாள், அந்தக் கடையையே மூடிவிட்டார்கள் என்றீர்கள். இருந்த கவலையில் நான் விட்டுவிட்டேன்.

அடுத்த மூன்று வருஷம் சம்பளச் சீட்டைத்தான் முருகன் படத்துக்கு அடியில் வைத்தீர்கள். இருவரும் தரையில் உட்கார்ந்து பிரிப்போம். பேங்குக்கு முதலில், அப்புறம் வீட்டுத் தவணை, பிறகுதான் வயிறு. நான் மார்க்கெட் ஸ்ட்ரீட் ஜவுளிக் கடையில் சேலை மடிக்கப் போனேன். நீங்கள் விடுமுறை நாளில் மற்ற ஹோட்டல்களின் கல்யாண விருந்துக்குப் பரிமாறப் போனீர்கள், அங்கே நிஜமாகவே வெயிட்டராக. என் சொல் பலித்துவிட்டது. டிப்ஸ் காசைக்கூடச் சில்லறையோடு என் முன்னால் கொட்டுவீர்கள். கடைசித் தவணை கட்டிய அன்று அதே கறுப்பு அட்டைக்குள் பேங்க் கடிதத்தை வைத்து, கையில் துண்டைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து, "மேடம், பில் முடிஞ்சிருச்சு" என்று குனிந்து நீட்டினீர்கள். கவிதா கைதட்டினாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்தச் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று விட்டேன். இப்படியே விட்டு விட்டுத்தான் உங்களையே விட்டேன்.

நீங்கள் போன பதினாறாம் நாள் காரியம் முடிந்து, எல்லாரும் போன பிறகு உங்கள் தம்பி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். கைக்குட்டையில் சுற்றியிருந்ததை நீட்டினார். உங்கள் கடிகாரம்.

"அன்னிக்கு அண்ணன் இத வச்சிட்டுத்தான் காசு வாங்குனாரு, அண்ணி. நான் வேணாம்னு எவ்வளவோ சொன்னேன். சும்மா வாங்க மாட்டேன்னுட்டாரு. முந்நூற எப்ப திருப்பித் தரேனோ அப்ப வாங்கிக்கறேன்னாரு. அப்புறம் எத்தனையோ தடவ எடுத்துக்கிட்டுப் போங்கன்னேன். வீட்டுல தெரியாம முந்நூறு வெள்ளி எடுக்க முடியாதுடா, சத்தியம் பண்ணியிருக்கேன்னு சிரிப்பாரு."

நான் உள்ளே போய் முந்நூறு வெள்ளி எண்ணி எடுத்துவந்து அவர் கையில் வைத்தேன். வேண்டாம் என்று அழுதார். வாங்கிக்கொள்ளாவிட்டால் கடிகாரத்தைத் தொட மாட்டேன் என்றேன். வாங்கிக்கொண்டார்.

அது இப்போது என் கையில் இருக்கிறது. வார் எனக்குப் பெரிசு, கூடுதலாக இரண்டு துளை போட்டிருக்கிறேன். கவிதா புதுசு வாங்கித் தருகிறேன் என்கிறாள், நான் கேட்பதில்லை. மணி பார்க்கும்போதெல்லாம் உங்கள் பொய் தெரிகிறது. அந்தப் பொய்யை உங்களைச் சொல்ல வைத்தது என் பொய்.

நான் சொன்னதுபோல் கூட்டு அதற்கு முந்தின நாள் விழவில்லை. பதினோரு நாளுக்கு முன்பே விழுந்தது. நீங்கள் கெப்பாலா பத்தாசுக்குக் கிளம்பிய காலையில், வழியில் பசிக்குமே என்று சோறு கட்டித் தந்தேனே, நினைவிருக்கிறதா? அதற்கு அரிசி அளக்க டின்னுக்குள் கையை விட்டபோது பிளாஸ்டிக் பை விரலில் பட்டது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டு உங்களுக்கு ஒரு டம்ளர் அரிசி அளந்தேன்.