நாற்பதாயிரம் வரிகளும் என் பெயரில்

மார்ச் 3, திங்கள்

டேப் அண்ணன் இன்றும் ஸ்பேஸ் அக்காவோடு பேசவில்லை. பதினேழாவது நாள். இருவரும் என் சீனியர்கள்; பட்டப்பெயர்கள் நான் வைத்தவை. நிரலின் வரிகளை அவர் டேப் விசையைத் தட்டி உள்ளே தள்ளுவார். அக்கா நான்கு ஸ்பேஸ் வைப்பார். காலையில் இவர் மாற்றியதை மாலையில் அவர் திருப்பி மாற்றுவார். பேருந்து எத்தனை மணிக்கு வரும் என்று நிறுத்தங்களில் காட்டும் மென்பொருள் எங்களுடையது. ஒரு மாதமாக அதில் நகர்ந்தது வெற்றிடம் மட்டும்.

மேலாளர் கூப்பிட்டார். "கோடிங்கை அடுக்கித் தர்ற ஃபார்மேட்டர் ஓப்பன் சோர்ஸ்ல இலவசமா நிறைய இருக்காமே. மூணை ஒப்பிட்டுப் பாத்து ஒண்ணு சொல்லு. ரெண்டு பேரும் வாயை மூடணும்."

என் ப்ரொபேஷன் மாதக் கடைசியில் முடிகிறது. நிரந்தரமாக்கும் படிவத்தில் இரண்டு கையெழுத்து வேண்டும். யாருடையவை என்று எழுதவும் வேண்டுமா?

மார்ச் 4

அம்மா போனில். என்ன வேலை என்றாள். மற்றவர்கள் எழுதியதை அழகாக அடுக்க எந்தக் கருவி நல்லது என்று பார்க்கிறேன் என்றேன்.

"உன் அலமாரியை என்னிக்காவது அடுக்கியிருக்கியாடி நீ?"

மார்ச் 6

ஒரே கோப்புகள்மேல் மூன்றையும் ஓடவிட்டேன்.

முதலாவதில் இருநூற்றுச் சொச்சம் அமைப்புகள். எல்லாவற்றையும் நம்மிடமே கேட்கும். இந்த ஆபீஸுக்கு வந்தால் சண்டை தீராது. சண்டைக்கு இருநூறு தலைப்பு கிடைக்கும்.

இரண்டாவது பறக்கிறது. ஆனால் ஒருமுறை ஓட்டினால் ஒரு மாதிரி, அதன்மேலேயே மறுபடி ஓட்டினால் வேறு மாதிரி. தன் பேச்சைத் தானே கேட்காத ஜென்மம். அந்த வேலைக்கு ஏற்கெனவே நான் இருக்கிறேன்.

மூன்றாவது மெதுவு. நீள வரிகளைச் சில இடங்களில் அசிங்கமாக மடிக்கிறது. அமைப்பு என்று ஒன்றுமே கிடையாது, அது சொன்னதுதான். பத்துமுறை ஓட்டினேன். பத்துமுறையும் ஒரே முகம்.

மார்ச் 7

மூன்றாவதுதான். அது வைப்பது இரண்டு ஸ்பேஸ். டேப்பும் இல்லை, நான்கும் இல்லை. இருவருக்கும் சமமாகப் பிடிக்காது.

மார்ச் 10

மொத்த நிரல்மேலும் ஓட்டிவிட்டேன். நாற்பதாயிரம் வரி, ஒரே கமிட்: எல்லா மாற்றமும் என் பெயரில் ஒரே பதிவாக.

"கண்ணு வலிக்குது," என்றார் அண்ணன். "கசங்கின துணி மாதிரி இருக்கு," என்றார் அக்கா. இருவரும் என்னிடம் மட்டும் சொன்னார்கள்.

மார்ச் 11

ஐயோ.

எந்த வரியைத் தட்டினாலும், கடைசியாகத் தொட்டவர் பெயரைக் காட்டும் வசதி ஒன்று உண்டு. இப்போது எங்கே தட்டினாலும் நான். ஆறு வருட நிரல் முழுக்க என் படைப்பு. நான் சேர்ந்தே ஆறு மாதம்தான். வெறுமனே அடுக்கிய கமிட்டைத் தாண்டிப் பார் என்று ஒரு பட்டியலில் குறித்து வைத்திருக்க வேண்டும். மறந்தேன்.

மார்ச் 17

மழை. ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமான பேருந்துகள் எல்லாம் ஏற்கெனவே போய்விட்டதாகத் திரைகள் காட்டின. குடை பிடித்துக் காத்திருந்தவர்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். பேருந்துகள் காலியாக வந்தன.

நேரத்தைக் கணக்கிடும் பகுதியை யார் எழுதியது? தட்டினார்கள். நான்.

"நான் எழுதல! நான் அடுக்கினது மட்டும்தான்!" — குரல் கிறீச்சிட்டது.

"அந்தக் கருவிதான் எதையோ உடைச்சிருக்கும். அன்னிக்கே நினைச்சேன்," என்றார் அண்ணன்.

"நானும்," என்றார் அக்கா.

முப்பத்தோரு நாளில் முதல் ஒத்த கருத்து. வியாழனுக்குள் காரணம் தெரியாவிட்டால் கருவியைத் தூக்கிவிடலாம் என்றார் மேலாளர்.

மார்ச் 18

பட்டியலை என் கணினியில் மட்டும் போட்டேன். அடுக்கல் விலகி, அடியில் இருந்த பெயர் தெரிந்தது. அண்ணனாக இருக்கட்டும், இல்லை அக்காவாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் பார்த்தேன்.

நான். செப்டம்பர், சேர்ந்த முதல் வாரம். ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் மட்டும் ஓடும் வரியில், தாமதத்தைக் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்திருக்கிறேன்.

மார்ச் 19

சும்மா இருந்தால் போதும். பொய்கூட வேண்டாம். கருவி போகும், பழைய சண்டை வரும், ரெண்டு கையெழுத்தும் கிடைச்சிடும். கருவிக்கென்ன, ப்ரொபேஷனா இருக்கு, அம்மாவா இருக்கா?

ச்சீ. எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பதில் சொல்ற ஆள் இந்த ஆபீஸ்லயே அது ஒண்ணுதான்.

மார்ச் 20

சொல்லிவிட்டேன். பட்டியலையும் எல்லோருக்கும் அனுப்பினேன்.

"நாப்பதாயிரம் வரியையும் வேணாம்னுட்டு, இந்த ஒண்ணுக்கு மட்டும் சொந்தம் கொண்டாடுறியேம்மா," என்றார் அண்ணன். அக்கா சிரித்தார்.

பிறகு மேலாளர் கேட்டார்: "இதைச் சரிபார்த்து விட்டது யாரு?"

பழைய சரிபார்ப்புப் பதிவைத் திறந்தோம். செப்டம்பரில் என் வரிகளுக்குக் கீழே பதினொரு குறிப்பு. ஆறு அண்ணனுடையவை, ஐந்து அக்காவுடையவை. பதினொன்றும் டேப்பா ஸ்பேஸா என்பது பற்றி. கழித்தல் குறியைப் பற்றி ஒன்று? ம்ஹும்.

அக்காதான் மெல்ல, "ரெண்டு பேரும் பாக்கலையா நாம?" என்றார். அண்ணனிடம். நேராக.

மார்ச் 31

இருவரும் ஒன்றாக என் மேசைக்கு வந்தார்கள். படிவத்தில் இரண்டு கையெழுத்து, ஒரே பேனாவின் மை. ஆனால் நிரந்தரம் இல்லை, ப்ரொபேஷன் மூன்று மாதம் நீட்டிப்பு.

"தப்பா எடுத்துக்காதம்மா. இனிமே நாங்க ஒழுங்கா பாக்குறோம்," என்றார் அண்ணன்.

கருவியை மட்டும் நிரந்தரமாக்கிவிட்டார்கள்.