ஷிரிமாவின் அலுவலகத்தில் மூன்று மாதம்

செப்டம்பர் 4

இன்று முதல் எனக்கு ஒரு மேஜை. இழுப்பறை திறக்காது. மலையடிவார ஊரான மோஷியின் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மருந்துக்கடை மாடியில், ஷிரிமாவின் வீட்டுமனைத் தரகு அலுவலகம். ஒப்பந்தம் வாய்ப்பேச்சுதான். சம்பளம் கிடையாது, முடித்துக்கொடுப்பதில் பங்கு. டிசம்பர் முடிவதற்குள் ஒரு நில விற்பனையாவது முடிக்காவிட்டால் மேஜை வேறொருவருக்கு.

"நாப்பத்தொம்பது வயசுல இந்த வேலைய விட்டுப் போவாங்க, ஃபெலிஸ்டாக்கா. நீங்க வர்றீங்க" என்றார் ஷிரிமா. என்னைவிட ஆறு வயது சின்னவர்.

பத்தொன்பது வருடம் காப்பிக் கம்பெனிக்காக மலைத் தோட்டங்களைச் சுற்றி விளைச்சலை மதிப்பிட்டேன். கம்பெனி மூடிவிட்டது. பல்கலைக்கழகத்தில் படித்தது புவியியல். நிலம் விற்க இது போதுமா என்று தெரியவில்லை. வேண்டாத படிப்பு என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

செப்டம்பர் 10, ஞாயிறு

தம்பி டொமினிக் டார் எஸ் சலாமிலிருந்து அழைத்தான். வீட்டுப் பின்பக்கத்து அறையை எனக்காகக் காலி செய்து வைத்திருக்கிறானாம். "அங்க தனியா உக்காந்து என்ன பண்ற? வந்துடுக்கா. பசங்களுக்கும் துணையா இருக்கும்."

அவன் மனைவி நல்லவள். அறையும் நல்ல அறை, பார்த்திருக்கிறேன். அதற்குள் போய்விட்டால் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டே கிழவியாகிவிடுவேன் என்பதும் தெரியும். டிசம்பர் வரை பொறு என்றேன்.

செப்டம்பர் 13

இரண்டறை வீடு ஒன்றைக் காட்டப் போனேன். எனக்குச் சொன்னவர் ஒரு தரகர். அவருக்குச் சொன்னவர் இன்னொருவர். வாசலில் போய்ப் பார்த்தால் ஐந்து தரகர்கள் நிற்கிறார்கள், வாடகைக்கு வந்தவர் ஒருவர். வீட்டுக்காரம்மா சன்னலைத் திறந்து, "இந்த வீட்டுல யாராவது குடியிருக்கப் போறீங்களா, இல்ல எல்லாரும் புரோக்கர்தானா?" என்று கேட்டாள்.

அலுவலகத்தில் சொன்னபோது ருகியா சிரித்துச் சிரித்துத் தலைத்துணி அவிழ்ந்துவிட்டது. ருகியா பக்கத்து மேஜை. டாங்காக் கடற்கரைப் பெண், வயது இருபத்தொன்பது, நான்கு வருட அனுபவம். "அக்கா, வீட்டுக்காரங்க நம்பர் உங்க போன்ல நேரா இருந்தா அது வீடு. இல்லேன்னா அது வதந்தி."

இதுவரை கேட்டதில் உருப்படியான அறிவுரை இதுதான்.

செப்டம்பர் 21

பத்து மணிக்கு வருகிறேன் என்றவர் வரவில்லை. பூட்டிய வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்றேன்.

அக்டோபர் 3

வீடு பார்த்து, "யோசிச்சுச் சொல்றேன்" என்று போன தம்பதி, மாலையே திரும்பிப் போய் வீட்டுக்காரரிடம் நேராகப் பேசி முடித்துவிட்டார்கள். என்னைத் தெருவில் பார்த்து வணக்கம் வேறு.

ஷிரிமா என்னை உட்காரவைத்து நிறையச் சொன்னார். மோசமான வீட்டை முதலில் காட்டு. போனில் வாடகையைச் சொல்லாதே, ஆளை நேரில் வரவழை. கூடவே கடைசிவரை நில். தண்ணீர் குடிக்கக்கூட விலகாதே. மலைக்குப் போகும்போது மூடிய செருப்பு போடு. பேசுவதைவிடக் கேள். கேட்டதை எழுதி வை.

கடைசி இரண்டும் எனக்கு ஏற்கெனவே உள்ள குணம். முதல் அறிவுரையை மதியமே முயன்று பார்த்தேன். மோசமான வீட்டையே பிடித்துப்போய் எடுத்துக்கொண்டார்கள். அதுவும் வேறு தரகரின் வீடு.

அக்டோபர் 17

மச்சாமேப் பக்கம், மலைமேல், அரை ஏக்கர் நிலம். சொந்தக்காரர் எலியமினி, டாரில் சரக்கு லாரிகள் வைத்திருக்கிறார். நல்ல சட்டை, நல்ல பேச்சு. அப்பன் பாட்டன் புதைந்திருக்கும் குடும்பத் தோட்டத்தை இங்கே சுலபத்தில் யாரும் விற்பதில்லை. அதைக் கேட்டேன். "எங்க பெரியவங்களப் புதைச்ச பக்கம் தம்பி பாகத்துல இருக்கு. என் பாகத்துல மக்காச்சோளம்தான். என் பிள்ளைங்க இங்க வரப்போறதில்ல, அக்கா." நியாயமான பதில்.

அவர் தம்பி இறந்து மூன்று வருடம். தம்பி மனைவி அய்காண்டே அடுத்த பாகத்தில் தனியாக இருக்கிறாள். இரண்டு மகள்கள், இருவரையும் கட்டிக்கொடுத்தாயிற்று.

வாங்க ஆளும் இருக்கிறார்: ஓய்வுபெற்ற பொறியாளர் ஸ்வாய். அவர் அம்மா அந்த ஊர்ப் பெண். எனவே அந்நியர் என்று யாரும் சொல்ல முடியாது.

அக்டோபர் 24

அளந்துவிட்டு வந்தேன். முழங்கால் வலி. நாடாவின் ஒரு முனையை எலியமினி பிடித்தார், மறுமுனையை நான். மேற்கே ஓடை, வடக்கே பாதை, தெற்கே பக்கத்து வீட்டு வேலி. கிழக்கே, அய்காண்டே பாகத்துக்கும் இதற்கும் நடுவில், எல்லைக்கு நடும் இசாலேச் செடி வரிசை. காகிதங்களை மூன்று முறை சரிபார்த்தேன். ஓடையை நானே நடந்து பார்த்தேன். பாதையின் அகலத்தைக்கூட அளந்தேன். இசாலேயை நம்பினேன். எல்லையில் நட்ட இசாலேயில் இந்த மலையில் யாரும் கைவைக்க மாட்டார்கள். கத்திக்குத்து நடந்த குடும்பத்தில்கூட அந்தச் செடி நின்ற இடத்தில்தான் நிற்கும்.

அய்காண்டே அந்தப் பக்கம் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். வணக்கம் சொன்னேன். நிமிர்ந்து என்னையும் நாடாவையும் பார்த்தாள். "அளந்துக்கோங்க" என்றாள். மறுபடி புல்லுக்குக் குனிந்தாள்.

வரைபடம் சுத்தமாக வந்திருக்கிறது. கீழே என் கையெழுத்து.

நவம்பர் 6

ஸ்வாய் சம்மதித்துவிட்டார். வரைபடத்தைப் பார்த்து, "இப்படி ஒண்ண எந்தப் புரோக்கர்கிட்டயும் நான் பார்த்ததில்ல, அம்மா" என்றார். எலியமினிக்கு இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்தாக வேண்டும். கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் ஊருக்கு வருவார்கள், அப்போது பேசிக்கொள்ளலாமே என்றேன். "அந்தக் கூட்டத்துல யாருக்குக்கா நேரம்?" என்றார். வேலை அதிகம் உள்ள மனிதர்.

ஷிரிமா எனக்கு டீயும் சுடச்சுடப் பொரித்த மந்தாசியும் வாங்கிக் கொடுத்தார். முதல் தடவை. டொமினிக்குக்கு இன்னும் சொல்லவில்லை, முடியட்டும்.

நவம்பர் 9

அளந்த அன்று போனில் எடுத்த படங்களைக் கோப்புக்காக அச்செடுத்தேன். கிழக்கு எல்லைப் படத்தை ருகியாவிடம் காட்டிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன்.

இசாலே வரிசைக்கு அந்தப் பக்கம் காப்பிச் செடிகள், வரிசைக்கு எட்டு. இந்தப் பக்கமும், எல்லையை ஒட்டி, காப்பிச் செடிகள் — வரிசைக்கு மூன்று. எலியமினி தன் காப்பியை எல்லாம் பிடுங்கி மக்காச்சோளம் போட்டு எட்டு வருடம் என்று அவரே சொன்னார். இந்த மூன்றை மட்டும் ஏன் விட்டார்? அதுவும் அந்தப் பக்கத்து எட்டோடு நூல் பிடித்த மாதிரி ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன. ஒரே இடைவெளி. கிளை வெட்டியதும் ஒரே கை. சாய்வாக, இடமிருந்து வலமாக.

பதினொன்று பதினொன்றாக நட்ட தோட்டம் அது. எல்லைக்குக் குறுக்கே எவரும் காப்பி நடுவதில்லை. பத்தொன்பது வருடம் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அளந்த அன்று பார்க்கவில்லை.

நவம்பர் 10

நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம்.

நவம்பர் 13

தப்பில்லை. யாரிடமும் சொல்லாமல் போனேன். மக்காச்சோளத்துக்குப் பக்கத்தில், இசாலே வரிசையிலிருந்து எட்டு மீட்டர் இந்தப் பக்கமாக, மண் வரிசையாகக் குழிந்து கிடக்கிறது, செடி பிடுங்கிய மாதிரி. சருகு போட்டு மூடியிருக்கிறார்கள். குச்சியை விட்டுப் பார்த்தேன். மெத்தென்று இறங்கியது.

அய்காண்டே வாசலில் உட்கார்ந்து வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நான் கேட்குமுன் அவளே பேசினாள்.

"ஏப்ரல்ல மூத்தவளுக்குப் பிரசவம். மொரோகோரோவுல மூணு மாசம் இருந்துட்டு வந்தேன். வந்து பாத்தா செடி நகந்து நிக்குது. வெளியூர்க் கூலிக்காரங்க லாரில வந்தாங்களாம். நம்ம ஆளுங்க எவனும் தொடமாட்டான்ல?"

"ஊர்ல யார்கிட்டயும் சொல்லலியா?"

"சொன்னேனே. செடி பொய் சொல்லுமான்னு கேட்டாங்க. தங்கச்சி பொண்ணுகூட, பெரியம்மா, உனக்கு வயசாகுதுன்னா." காயை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்புறம் நீங்க வந்தீங்க. படிச்சவங்கன்னு சொன்னாங்க. சரி, இந்தம்மா கண்டுபிடிக்கும்னு புல்லு அறுக்கிற மாதிரி நின்னேன். நீங்களும் அந்தச் செடியில நாடாவ வெச்சு அளந்தீங்க."

அந்த எட்டு மீட்டருக்குள்தான் அவள் கணவனின் கல்லறையும் இருக்கிறது. தரையோடு அமுங்கிப்போன மண் மேடுதான், சிமெண்ட் பூசவில்லை. நான் அதன்மேல் நாடாவை இழுத்துக்கொண்டு நடந்திருக்கிறேன்.

நவம்பர் 14

ஷிரிமாவிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார்.

"பத்திரத்துல கையெழுத்து போடறது நீங்களா? விக்கிறவர் விக்கிறார், வாங்கறவர் வாங்கறார். ஊர்ச் சாட்சி கையெழுத்து போட்டாச்சு. நம்ம வேல கதவத் திறந்து விடறது. உள்ள என்ன சமைக்கிறாங்கன்னு மூடியத் தூக்கிப் பாக்கிறதில்ல."

"வரைபடத்துல என் கையெழுத்து இருக்கு."

"வரைபடத்தக் கிழிச்சுடறேன். போதுமா?"

அது போதும் என்று அரை நிமிடம் நினைத்தேன். நினைத்தேனே! என்ன மனுஷி நான்? வாங்குற ஆளு நாளைக்கே அஸ்திவாரம் தோண்டுவான், தோண்டுனா அந்த மனுஷன் எலும்பு வரும். இதுல எனக்கு ஒரு பங்கு. வேண்டாம்னா டொமினிக் வீட்டுப் பின் ரூம். இது ரெண்டுதான் இருக்கா உலகத்துல?

நவம்பர் 17

இன்றும் ஸ்வாயிடம் பேசவில்லை. நான்கு முறை போனில் அவர் எண்ணைத் தேடி எடுத்துவிட்டு மூடினேன். எழுதிவைக்கிறேன், பின்னால் என்னைப் பற்றி உயர்வாக எதுவும் நினைத்துக்கொள்ளாமல் இருக்க.

ருகியா மட்டும் கேட்டாள். சொன்னேன். நகத்தைக் கடித்தபடி, "இந்த வியாபாரம் போனா ஒரு வியாபாரம் போச்சு. அந்தக் கல்லறை விஷயம் வெளிய வந்தா மலைமேல ஒரு வீட்டு நாய்கூட உங்களப் பாத்து வாலாட்டாது, அக்கா" என்றாள். நீதி பேசவில்லை, தொழில் பேசினாள். எனக்கு அதுதான் உதவியது.

நவம்பர் 20

ஸ்வாயின் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன்: 'நான் வரைந்த வரைபடத்தில் கிழக்கு எல்லை தவறு. அந்த இடத்தில் ஒரு கல்லறை இருக்கிறது.' இரண்டு முறை படித்தார். காரியம் கெட்டதற்குக் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் கறுத்தது வேறு எதற்கோ. "எங்கம்மா ஊரு அது" என்றார். "இசாலேயவா? இசாலேயவா பிடுங்கினான்?"

எலியமினியிடம் கொடுத்த முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வாராம்.

நவம்பர் 21

மேஜை போயிற்று. ஷிரிமா சத்தம் போடவில்லை. "நல்லவங்களா இருங்க, அக்கா. ஆனா என் ஆபீஸ்ல வேண்டாம்." டிசம்பர் வரைக்கும் என்று பேசியதை நினைவுபடுத்தலாமா என்று யோசித்தேன். விட்டுவிட்டேன். குடை, தண்ணீர் பாட்டில், நாடா. நாடா என்னுடையது.

டிசம்பர் 27

அய்காண்டே ஆள் அனுப்பியிருந்தாள், நேற்று போனேன். மலை முழுக்க டார், அருஷா வண்டிகள். குடும்பம் மொத்தமும் கூடியிருந்தது, முப்பது பேருக்குமேல். நான் பார்த்ததைச் சொல்லச் சொன்னார்கள். குழிகளைக் காட்டினேன். என்னுடைய தவறையும் சொன்னேன். பெரியப்பா முறையுள்ள ஒருவர், கைத்தடியோடு, காப்பிச் செடிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு நடந்தார். மூன்று வரிசை எண்ணினார். நான்காவதை எண்ணவில்லை.

"எலியமினி, இதென்ன?"

"கூலிக்காரங்க தப்பா நட்டுட்டாங்க, பெரியப்பா."

"நட்டதுல தப்பு நடக்கலாம். புடுங்கச் சொன்னது யாரு?"

பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ, "லாரியக் கேளுங்க, அது சொல்லும்" என்றாள். சிரிப்பு. பிறகு எலியமினி இசாலே இலை ஒன்றை முடிச்சுப் போட்டு இரண்டு கையாலும் அய்காண்டேயிடம் நீட்டினார். அதை நீட்டிக் கேட்டால் மன்னிக்க மறுக்கக் கூடாது. அவள் வாங்கிக்கொண்டாள்.

கிளம்பும்போது என்னோடு பாதைவரை வந்தாள். மன்னித்துவிட்டாளா என்று கேட்டேன்.

"வாங்கினது கை" என்றாள். "நான் இன்னும் யோசிக்கறேன்."

என்னைப் பற்றியும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன். நான் கேட்கவில்லை.

ஜனவரி 16

எலியமினி ஊரிலுள்ள எல்லாத் தரகரிடமும் என்னைப் பற்றிச் சொல்லிவிட்டார். வீடு வைத்திருப்பவர்கள் என் அழைப்பை எடுப்பதில்லை. ருகியா ஷிரிமாவை விட்டு வந்துவிட்டாள். அவளுக்கும் அவருக்கும் அது வேறு சண்டை. சந்தைக்குப் பின்னால், நகல் எடுக்கும் கடையில் ஒரு மூலையைச் சேர்ந்து எடுத்திருக்கிறோம். முதல் வாரத்தில் வந்த ஒரே ஆள் பிறப்புச் சான்றிதழ் நகல் எடுக்க வந்தவர்.

ஜனவரி 30

ஸ்வாய் வந்தார். இன்னும் நிலம் தேடுகிறார். "எனக்கு வேற புரோக்கர் வேண்டாம்" என்றார். பாராட்டு மாதிரி சொல்லவில்லை, அலுத்துப்போய்ச் சொன்னார்.

பிப்ரவரி 18, ஞாயிறு

கிபோஷோவில் ஸ்வாய்க்குக் காட்டிய மனை நேற்று முடிந்தது. நான்கு பக்கத்து அண்டைவீட்டாரையும் நிற்கவைத்து எல்லையை நடந்தோம். ஒரு கிழவர் நடுவில் சண்டை போட்டுவிட்டுப் போய், சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து நடந்தார். ஒரு நாள் முழுக்கப் போயிற்று. நாளை காலை ஒரு வீடு, மதியம் இன்னொரு வீடு, ஆள் வந்தால்.

மாலை டொமினிக் அழைத்தான். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினான். பிறகு, அந்தப் பின்பக்கத்து அறையை யாரோ ஒரு பள்ளி ஆசிரியை வாடகைக்குக் கேட்கிறாளாம், விட்டுவிடட்டுமா என்றான்.

விடு என்றேன். ஆறு மாத முன்பணம் கேட்காதே, மூன்று போதும். ஆள் வருவதற்குள் சுவருக்கு வெள்ளையடித்துவிடு. சன்னல் கொக்கி ஆடும், அதை முதலில் சரிசெய். வீடு பார்க்க வருகிறவர்கள் சன்னலைத்தான் திறந்து பார்ப்பார்கள்.

அவன் எழுதிக்கொண்டான்.